வக்கீலும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை

போன மாதம் செராமிக் பேட்டையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து சென்னைக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு அவர் பேரன் போனில் "ஓமந்தூரார் தாத்தா" என்றான். நலமாகத் திரும்பிவிட்டார். அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தப் பையனே கேட்டான்: "ஓமந்தூரார்னா யாரு? அந்த ஆஸ்பத்திரியக் கட்டின டாக்டரா?" பி.இ. முடித்த பையன். அவனைக் குறை சொல்வதற்கில்லை. சட்டசபைக்கென்று கட்டி 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த கட்டடம் அது. 2014 பிப்ரவரியில் ஆஸ்பத்திரியாக மாறியது. அது நிற்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தின் பெயர் ஆஸ்பத்திரிக்கும் ஒட்டிக்கொண்டது. மெட்ரோ ரயிலில் போனால் 'அரசினர் தோட்டம்' என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஓமந்தூரார் நம் பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரர். கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடமோ விருத்தாசலத்திலிருந்து மந்தாரக்குப்பம், நெய்வேலி வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அவரை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1895 பிப்ரவரி 1 இல் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர். 1947 மார்ச் 23 இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போதெல்லாம் மாகாணத்துத் தலைமை மந்திரிக்குப் பிரதமர் என்றுதான் பெயர். 1950 இல் அரசியல் சட்டம் வந்த பிறகே முதலமைச்சர் என்ற பெயர் நிலைத்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று, வெள்ளைக்காரன் போன அந்த நாளில், சென்னை மாகாணத்தின் நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அப்போது சென்னை மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் அல்ல. கஞ்சம் ஜில்லா அதற்கு முன்பே ஒரிசாவுக்குப் போய்விட்டாலும், விசாகப்பட்டினம் தொடங்கி கர்நூல், பெல்லாரி, மங்களூர், கோழிக்கோடு வரை எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு என்று பேசும் ஜனங்களை ஓமந்தூர் விவசாயி ஒருவர் ஆண்டார்.

'விவசாயி' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1920 டிசம்பரில் முதலில் உட்கார்ந்தவரும் நம் தென்னாற்காட்டுக்காரரே: கடலூர் சுப்பராயலு ரெட்டியார், வக்கீல். உடல்நிலை காரணமாகச் சில மாதங்களில் விலகிவிட்டார். அடுத்து பனகல் ராஜா, ஜமீன்தார். டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர். முனுசாமி நாயுடு, வக்கீல். பொப்பிலி ராஜா பெயரிலேயே ராஜா. இடையில் கொஞ்ச காலம் பார்த்த பி.டி. ராஜன் பாரிஸ்டர். 1937 இல் சில மாதங்கள் இருந்த கே.வி. ரெட்டி நாயுடு வக்கீல். ராஜாஜி சேலத்து வக்கீல். பிரகாசம் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர். இருபத்தாறு வருஷத்தில் வக்கீலோ ஜமீன்தாரோ அல்லாத ஒருவரும் அந்த இடத்துக்கு வரவில்லை. கல்லூரி வாசலை மிதிக்காத ஓமந்தூராரிடம்தான் அந்த வரிசை உடைந்தது. உடைந்தது உடைந்ததுதான், அதற்கு அப்புறம் காமராஜரும் வந்தார், கலைஞரும் வந்தார், எம்.ஜி.ஆரும் வந்தார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் 'எங்கள் மாநில கவர்னர்' என்று பேசும்போது நம் ஆட்களுக்குக் குழப்பம் வருகிறது. அங்கே கவர்னர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். நம் முதலமைச்சருக்கு இணை. நம் ஊரில் கவர்னர் டில்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர். அங்கேயும் ஒரு மல்லாட்டை விவசாயி கவர்னர் ஆனதுண்டு. ஜார்ஜியா மாநிலத்து ஜிம்மி கார்ட்டர். பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் மல்லாட்டை வியாபாரம், விவசாயம். 1970 நவம்பரில் கவர்னராக ஜெயித்து, பிறகு ஜனாதிபதி வரை போனார். அதை அமெரிக்கப் பத்திரிகைகள் பெரிய அதிசயமாக எழுதின. நாம் அந்தக் காரியத்தை 1947 இலேயே செய்துவிட்டோம். யாரும் அதிசயமாக எழுதவில்லை.

மல்லாட்டை என்று நான் சொன்னதும் விளையாட்டுக்கு அல்ல. ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. கிளியனூர்ப் பக்கம். அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் தென்னாற்காட்டின் மானாவாரிக் கொல்லைகள் எல்லாம் மல்லாட்டைக்கு மாறிக்கொண்டிருந்தன. காரணம் பிரான்ஸ். மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் மல்லாட்டைப் பருப்புக்கு வாய் திறந்து நின்றன. அது புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. கேழ்வரகும் கம்பும் விளைந்த இடத்தில் காசுப்பயிர் வந்தது. ஐரோப்பாவில் விலை இறங்கினால் இங்கே கடனும் வந்தது. வக்கீல்களுக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம் ஓமந்தூர்க்காரர்களுக்குக் களத்தில் தெரிந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940 இல் வந்த டி.எம்.வி-2 ரகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. ரகங்களுக்கு அது அண்ணன். என் அப்பா சாகுபடி செய்தது டி.எம்.வி-2 தான். மூட்டை கட்டி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய், எடை போட்டு முடியும் வரை வண்டியடியில் படுத்துக் கிடப்பார்.

ராமசாமி ரெட்டியார் படித்தது திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளிக்கூடத்தில். இங்கேயும் அமெரிக்கா வருகிறது பாருங்கள். ஸ்கடர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிக் குடும்பம். அந்தக் குடும்பத்துச் சகோதரர்கள்தான் 1853 இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வட, தென் ஆற்காடுகளில் அவர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்த ஊர்கள் பல. திண்டிவனத்தில் டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தபோது, அமெரிக்காவில் படித்துவிட்டு அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த அவர் மகள் ஐடாவின் கதை பலருக்கும் தெரியும். ஒரே ராத்திரியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார் என்றாள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து கட்டியதுதான் வேலூர் சி.எம்.சி. ஓமந்தூரார் பிறப்பதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன் நடந்தது இது. அவர் அந்த மிஷன் பள்ளிக்குப் போன காலத்தில் திண்டிவனத்தில் இது இன்னும் பேச்சாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பள்ளியோடு படிப்பு நின்றது. அந்த நாளில் வசதியான குடும்பத்துப் பிள்ளை என்றால் சென்னைக்குப் போய்ப் பி.ஏ., பி.எல். படித்து, கடலூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டி, அப்படியே ஜில்லா போர்டுக்குள் நுழைவதுதான் வழக்கம். இவர் நிலத்துக்குத் திரும்பினார். நிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போனார். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். வக்கீல் தொழிலிலிருந்து அரசியலுக்கு வருகிறவருக்குக் கட்சிக்காரர் என்றாலும் எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் நாளைக்கு வேண்டியவர். நிலத்தில் விளைந்ததைத் தின்று கட்சி வேலை பார்க்கிறவருக்கு யாரும் வேண்டியதில்லை. யார் தயவும் வேண்டாம் என்கிற அந்தக் குணம் அவரை எப்படி ஏற்றியது, எப்படி இறக்கியது என்பதுதான் மிச்சக் கதை.

தென்னாற்காடு அப்போது சும்மா இருந்த ஜில்லா அல்ல. 1927 இல் சென்னையில் நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாக்கிரகத்தில் கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். 1934 பிப்ரவரியில் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகச் சுற்றி வந்தபோது நம் கரையோரத்துக்கும் புதுச்சேரிக்கும் வந்தார். இப்படிப்பட்ட ஜில்லாவில் ஓமந்தூரார் ஜில்லா காங்கிரசை நடத்தினார், மறியல், சிறை எல்லாம் பார்த்தார். மேடைப் பேச்சாளர் என்று அவருக்குப் பெயர் கிடையாது. சத்தியமூர்த்தியைப் போலக் கூட்டத்தைக் கட்டிப்போடவோ, ராஜாஜியைப் போல வாதத்தில் மடக்கவோ அவர் முயலவில்லை. கதர் வேட்டி, சைவச் சாப்பாடு, வள்ளலார் வழிபாடு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் ஈடுபாடு. கிராமத்தில் இப்படி ஒருவர் இருந்தால் 'பெரியவர்' என்று சொல்லி நியாயம் கேட்கப் போவோம், மந்திரியாக்க நினைக்க மாட்டோம்.

ஆனால் 1947 இல் காங்கிரசுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். நடந்தது இதுதான். 1946 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்ததும் யார் தலைவர் என்ற அடிதடி. காந்திக்கு ராஜாஜி வரவேண்டும் என்று எண்ணம். 1942 இல் கட்சியை விட்டு விலகி நின்றவர் என்று சட்டசபை உறுப்பினர்கள் அவரை ஏற்கவில்லை. காமராஜர் முத்துரங்க முதலியாரை நிறுத்தினார். ஆந்திரக்காரரான பிரகாசம் ஜெயித்தார். தைரியசாலி, 'ஆந்திர கேசரி' என்று பெயர். ஆனால் யார் சொல்வதையும் கேட்கமாட்டார். கதரைக் காப்பாற்றுகிறேன் என்று புதிய நூல் மில்களுக்கு இடமில்லை என்றார். துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில் இது எடுபடுமா? பதினொரு மாதத்தில் அவருடைய கட்சியே அவரை இறக்கியது. அடுத்து யார் என்றபோது தமிழர் அணியும் ஆந்திர அணிகள் சிலவும் சேர்ந்து, யாருக்கும் பகையில்லாத, பதவிக்கு அலையாத ஓமந்தூராரைத் தேடிப் பிடித்தன. தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். 'படிக்காத கிராமத்து மனுஷன், நாம் சொன்னபடி நடப்பார்' என்ற கணக்கும் சிலருக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மந்திரிசபையைப் பாருங்கள். பத்து மந்திரிகளுக்கு மேல். டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், பக்தவத்சலம், அவிநாசிலிங்கம் செட்டியார், கோபால ரெட்டி, காளா வெங்கடராவ், மாதவ மேனன். எல்லாரும் படித்த பெரிய மனிதர்கள். இருபது வருஷத்துக்கு முன்பே இதே மாகாணத்தின் தலைமை மந்திரியாக இருந்த ஆக்ஸ்போர்டு சுப்பராயன் இப்போது ஓமந்தூராருக்குக் கீழே மந்திரி. கவர்னர் ஆர்ச்சிபால்டு நை, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஜெனரல் ஆன வெள்ளைக்காரர். சுதந்திரத்துக்கு அப்புறமும் ஒரு வருஷம் இங்கேயே கவர்னராக நீடித்தார். 1948 செப்டம்பரில் அவருக்குப் பதில் வந்தவர் பாவ்நகர் மகாராஜா. ஒரு மகாராஜா கவர்னராக உட்கார்ந்து கையெழுத்துப் போட, ஓமந்தூர் விவசாயி உத்தரவு எழுதினார்.

எழுதியது என்னென்ன என்று இனிப் பார்க்கலாம்.

முதலில் கோயில் நுழைவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1939 ஐயும் 1947 ஐயும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1939 ஜூலை 8 இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர் மீதும் கோயில் அதிகாரிகள் மீதும் வழக்கு வந்துவிடக் கூடாது என்று ராஜாஜி அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதைச் சட்டமாக்கினார். நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டப்படி கோயிலைத் திறக்கலாமா வேண்டாமா என்பது தர்மகர்த்தாக்கள் பக்தர்களின் கருத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது. திறந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. திறக்காதவரை ஒன்றும் செய்ய முடியாது. 1947 இன் சட்டம் தலைகீழ். எந்தச் சாதி இந்துவாக இருந்தாலும் எந்தக் கோயிலுக்குள்ளும் மற்றவரைப் போலவே போய்க் கும்பிட உரிமை உண்டு என்றது. சலுகை உரிமையானது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. தென்கன்னட ஜில்லாவில் மூல்கி வெங்கடரமண கோயிலைச் சேர்ந்தவர்கள், இது எங்கள் கௌட சாரஸ்வத சமூகத்துக்கு மட்டுமான கோயில், இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட் வரை வந்து 1958 இல் தீர்ப்பானது. சில சடங்கு நேரங்களில் மட்டும் அவர்களுக்கு விலக்கு, மற்றபடி கதவு எல்லாருக்கும் திறந்தது. ஓமந்தூரார் சர்க்கார் போட்ட சட்டம்தான் அங்கே நின்று பேசியது.

என் பாட்டி சொல்வார்: "தேரிழுக்க எல்லாச் சனமும் வேணும்டா. தேரு நெலைக்கு வந்தாச்சுன்னா உள்ளாற போவ எல்லாச் சனமும் கூடாது." நம் பக்கத்து ஊர்கள் எதிலும் அந்தக் காலத்தில் அதுதான் நடைமுறை. சட்டம் வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை, இன்றைக்கும் செய்தித்தாளைப் பார்க்கிறோம். ஆனாலும் வாசலில் நிறுத்தப்பட்டவன் கையில் காட்ட ஒரு காகிதம் 1947 இல்தான் வந்தது.

அதே வருஷம் தேவதாசி ஒழிப்புச் சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் 1930 வாக்கில் எழுப்பிய விஷயம். பதினேழு வருஷம் கிடப்பில் கிடந்ததை எடுத்து நிறைவேற்றினார்கள். 1948 இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 26 ஆம் நம்பர். தென்னாற்காடு பெரும்பாலும் ரயத்துவாரி ஜில்லா, குடியானவன் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவான். அதனால் நமக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் ஜமீனில் இருந்தது. விசயநகரம், பொப்பிலி, பித்தாபுரம், ராமநாதபுரம், சிவகங்கை. 1802 இல் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த சாசனங்கள். ஒரு காலத்தில் அந்த ராஜாக்களே மாகாணத்தை ஆண்டார்கள் என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கை ஒரு விவசாயி முடித்துவைத்தார்.

1947 நவம்பரில் வகுப்புவாரி உத்தரவைத் திருத்தினார். சர்க்கார் வேலையில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்பட்டவர்கள் என்று தனியாக ஒரு வரி எழுதியது அதுதான் முதல் தடவை. காங்கிரசுக்குள்ளேயே இதை வெறுத்தவர்கள் அவரைத் 'தாடியில்லாத ராமசாமி நாயக்கர்' என்று சொன்னதாகச் சொல்வார்கள். இந்த 14 இடக் கணக்கைத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 இல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. அதைச் சரிசெய்யவே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது.

இதனால் தாடியுள்ள ராமசாமியோடு அவர் சுமுகமாக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது இதே ஓமந்தூரார் சர்க்கார். அதே வருஷம் பள்ளிக்கூடங்களில் இந்தியைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டாவது இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை வரவழைத்துக்கொண்டதும் இதே சர்க்கார்தான். இந்தி விஷயத்தில் அவர் காலத்தைப் புகழ என்னால் முடியவில்லை. 1938 இல் ராஜாஜி பட்டது கண்ணெதிரே இருந்தது. கம்யூனிஸ்டுகள் மீதான அடக்குமுறையும் அந்த இரண்டு வருஷத்தில் கடுமையாக இருந்தது. நேர்மையான மனிதர் ஆண்டால் எல்லாம் நேராகிவிடும் என்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். மதுவிலக்கை மாகாணம் முழுக்க 1948 அக்டோபர் 2 இல் கொண்டுவந்தார். அது பட்ட பாடு உங்களுக்கே தெரியும், நான் எழுதவேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரதியார் பாட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பாடலாம் என்று இன்று இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. சினிமாவில் பயன்படுத்தும் உரிமை ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது. பாட்டைப் பயன்படுத்தினால் வழக்கு வரும் நிலை. நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949 மார்ச்சில், ஓமந்தூரார் பதவியை விடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு, பாரதி நூல்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. செட்டியாரும் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஒரு கவிஞனின் எழுத்தை ஒரு சர்க்கார் வாங்கி நாட்டுக்குக் கொடுப்பது உலகத்தில் எங்கும் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

இவ்வளவு செய்தவர் ஏன் இரண்டே வருஷத்தில் வெளியே வந்தார்? சிபாரிசு. ஒரே சொல்தான். சுதந்திரம் வந்ததும், சிறைக்குப் போய்வந்த காங்கிரஸ்காரர்களில் பலருக்கு அதற்குக் கூலி வேண்டியிருந்தது. பஸ் பர்மிட், ரேஷன் கடை, மச்சானுக்கு வேலை, பிடிக்காத தாசில்தாருக்கு மாற்றல். பஞ்சமும் கட்டுப்பாடும் இருந்த காலம், ஒரு பர்மிட் என்றால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்குச் சாப்பிடலாம். நிர்வாகத்தில் கட்சிக்காரன் தலையிடக் கூடாது என்று ஓமந்தூரார் பிடிவாதமாக நின்றார். சட்டசபை உறுப்பினர்கள் வந்து கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்பார். இனிக்கப் பேசி அனுப்பும் வித்தை அவருக்குத் தெரியாது. ராஜாஜிக்குத் தெரியும், காமராஜருக்கு 'ஆகட்டும் பார்க்கலாம்' என்ற நாலு எழுத்து மந்திரமே உண்டு. ஓமந்தூராருக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டுதான். தேடிப் பிடித்துத் தூக்கிவைத்த கட்சியே இறக்கிவைத்தது. 1949 ஏப்ரல் 6 இல் ராஜபாளையம் குமாரசாமி ராஜா பதவியேற்றார். அவரும் நல்லவர்தான், சொந்த வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்தவர்.

பாரிஸ்டராக இருந்திருந்தால் ஓமந்தூரார் கோஷ்டி கட்டியிருப்பார். பிரகாசம் தனிக் கட்சிக்கே போனார், 1953 இல் ஆந்திரா பிரிந்தபோது மறுபடி முதலமைச்சராக வந்தார். ராஜாஜி 1952 இல் மறுபடி வந்தார். பதவிக்கு வெளியே அவர்களுக்கு உலகம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் திரும்பி வந்தார்கள். ஓமந்தூரார் திரும்பவில்லை. வடலூருக்குப் போய்விட்டார்.

வடலூர் நமக்குத் தெரிந்த ஊர். 1867 இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 1872 இல் கட்டிய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிக் காட்டுகிறார்கள். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் என்று ஒன்றை வைத்து, பிள்ளைகளுக்குக் குருகுலப் பள்ளிக்கூடம் தொடங்கினார் ஓமந்தூரார். தனக்குக் கல்லூரி கிடைக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்ததோ என்னவோ, மிச்சமிருந்த இருபது வருஷத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் சன்மார்க்கத்துக்கும் கொடுத்தார். தைப்பூசத்துக்கு அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது அப்பா ஜன்னல் வழியே கை காட்டி "அதான்டா மந்திரி பள்ளிக்கூடம்" என்பார். எந்த மந்திரி என்று நான் கேட்டதில்லை. பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த மந்திரி என்பதால் அவரும் சொன்னதில்லை. பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது போலும்.

1970 ஆகஸ்ட் 25 இல் ஓமந்தூரார் காலமானார். 1993 இல் தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. அவர் பிறந்த ஓமந்தூர் இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, வடலூர் நம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. குருகுலப் பள்ளியில் இன்றைக்கும் காலையில் மணி அடிக்கிறார்கள். விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் ஏறினால் வடலூரில் இறங்கலாம்.